கியூபாச் சுருட்டு விலையும் சுருட்டுச் சுற்றுலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலம் தொடங்கினால் ரொறன்ரோவில் நம்மவர்கள் பலர் கியூபாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். வரடேரோ கடற்கரையில் ஒரு கிழமை, அதில் ஒரு நாள் ஹவானா. திரும்பி வரும்போது ஒரு போத்தல் ரம்மும், மாமாவுக்கோ வேலையிட முதலாளிக்கோ கொடுக்க ஒரு பெட்டி சுருட்டும் வரும். அந்தச் சுருட்டின் விலையைக் கேட்டுத்தான் இப்போது பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சுருட்டுக்காகவே 2017-இலும் 2024-இலும் நான் அங்கே போய்வந்தவன் என்பதால் கேள்விகள் எல்லாம் என்னிடம் வருகின்றன. ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் எழுதி அலுத்துவிட்டது. இனிக் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் அனுப்புவேன்.

ஹவானாவில் வாங்கினால் பாதி விலை என்பார்களே, இப்போதும் அப்படியா?

அது 2022-க்கு முந்திய கதை. அப்போது லண்டனில் ஒரு கொஹிபா விற்ற விலைக்கு ஹவானாவில் இரண்டு வாங்கலாம். இரண்டு பெட்டி கொண்டுவந்தால் விமானச் சீட்டுக் காசு மீண்டுவிட்டது என்று பெருமையாகக் கணக்குச் சொல்வார்கள். கொஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு மார்க்குகளுக்கும் அந்தக் கணக்கு இன்று செல்லாது. ஹவானா அரசுக் கடையிலேயே ஆனை விலை குதிரை விலை சொல்கிறார்கள். மிச்சம் பிடிப்பதற்காகப் போகிறவர்கள் போகாமலே மிச்சம் பிடிக்கலாம்.

மற்ற மார்க்குகளும் ஆண்டுக்காண்டு ஏறித்தான் வந்திருக்கின்றன, ஆனால் இந்த அளவுக்குப் பாயவில்லை. புகையிலை வரி கூடிய கனடா, பிரித்தானியா போன்ற நாட்டுக்காரருக்கு அவற்றில் இன்னும் ஓரளவு இலாபம் உண்டு.

2022-இல் அப்படி என்னதான் நடந்தது? யார் ஏற்றினார்கள்?

கியூபாவில் செய்யப்படும் சுருட்டை உலகம் முழுக்க விற்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. ஹபானோஸ் என்ற அந்த நிறுவனம் 1994-இல் தொடங்கப்பட்டது. கொஹிபா, மொன்டேகிறிஸ்டோ, பார்த்தகாஸ், ரோமியோ ஒய் ஹூலியெத்தா, எச். உப்மான் என்று 27 மார்க்குகள் அதன் கையில். பாதிப் பங்கு கியூபா அரசுடையது. மறு பாதி பல கை மாறியது. முதலில் அல்தாடிஸ் என்ற ஐரோப்பியப் புகையிலை நிறுவனம், 2008-இல் அதை விழுங்கிய பிரித்தானிய இம்பீரியல். 2020-இல் இம்பீரியல் தன் உயர்தரச் சுருட்டு வியாபாரத்தை விற்றுவிட்டது. அமெரிக்கா தவிர்ந்த பகுதியை, ஹபானோஸ் பாதிப் பங்கும் சேர்த்து, சுமார் 104 கோடி யூரோவுக்கு வாங்கியது ஆசிய முதலீட்டாளர்களின் ஒரு குழு.

அந்தக் கைமாற்றம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் ஹபானோஸ் ஒரு புதிய விலைக் கொள்கையைக் கொண்டுவந்தது. கொஹிபாவும் டிரினிடாட்டும் இனி உலகெங்கும் ஏறக்குறைய ஒரே விலை. அளவுகோல் ஹொங்கொங். ஹொங்கொங் ஏற்கெனவே விலை கூடிய ஊர் என்பதால் அங்கே பெரிய மாற்றம் தெரியவில்லை. ஸ்பெயின், கியூபா போன்ற மலிவான இடங்களில்தான் ஒரே தாவலில் விலை இரண்டு மடங்கு, சில அளவுகளில் மூன்று மடங்கு ஆனது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். சரக்கு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடும். ஸ்பெயினிலும் ஹவானாவிலும் மலிவாக விற்ற கொஹிபாவைச் சூட்கேஸ் சூட்கேஸாக அள்ளிக்கொண்டுபோய் ஆசியாவில் விற்று இடையில் நின்றவர்கள் சம்பாதித்தார்கள். "அந்த இலாபம் நமக்கு வந்தால் என்ன?" என்று செய்தவன் யோசிப்பதில் பிழை சொல்ல முடியாது. அந்தச் சூட்கேஸ்காரருக்கு வைத்த வேட்டு சாதாரணப் பயணியையும் சேர்த்து அடித்தது என்பதுதான் என் முறைப்பாடு.

ஏன் அந்த இரண்டு மார்க்குகள் மட்டும்?

இரண்டுமே விற்பதற்காகப் பிறந்தவை அல்ல. கொஹிபா 1966-இல் பிடல் காஸ்ட்ரோவுக்காகவும் அவர் பரிசளிக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்காகவும் ஹவானா புறநகரில் உள்ள எல் லகீட்டோ என்ற மாளிகையில் சுற்றத் தொடங்கியது. கடைக்கு வந்தது 1982-இல். டிரினிடாட்டும் அப்படித்தான்: 1969-இல் அரசுப் பரிசாகத் தொடங்கி 1998-இல்தான் விற்பனைக்கு வந்தது. காசு கொடுத்தும் வாங்க முடியாத பொருள் என்ற பெயர் முதலிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயருக்குத்தான் இப்போது விலை போடுகிறார்கள். காஸ்ட்ரோ 1985-இலேயே சுருட்டை நிறுத்திவிட்டார் என்பது வேறு கதை.

விலை ஏறிய பிறகு விற்பனை விழுந்திருக்குமே?

விழவில்லை. ஹபானோஸ் அறிவித்த வருமானம் 2021-இல் 56.8 கோடி அமெரிக்க டொலர். 2023-இல் 72.1 கோடி, 2024-இல் 82.7 கோடி. முதலிடத்தில் வாங்குவது சீனா. ஹவானாவில் விலைச் சீட்டைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விடுவது அவர்கள் காதுக்குக் கேட்கவே கேட்காது.

புயலாலும் ஆட்கள் இல்லாததாலும்தான் விலை ஏறியது என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. நாட்காட்டியைப் பாருங்கள். விலை மாற்றம் 2022 ஆண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. இயன் புயல் பினார் டெல் ரியோ மாகாணத்தை அடித்தது செப்டம்பர் 27-ஆம் திகதி. பின்னால் வந்த புயலை முன்னால் நடந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஆனால் புயல் செய்த நாசம் பொய்யல்ல. கியூபாவின் சிறந்த புகையிலை விளைவது அந்த ஒரு மாகாணத்தில்தான், அதிலும் வுவெல்டா அபாஹோ என்ற சிறு வட்டாரத்தில். அறுவடையான இலையை ஊசியில் கோத்துக் கம்புகளில் தொங்கவிட்டு ஏறக்குறைய ஐம்பது நாள் உலரவைக்கும் மரக்கொட்டில்களில் பெரும்பாலானவை ஒரே இரவில் சரிந்தன. புகழ்பெற்ற அலெஹாந்த்ரோ ரொபைனாவின் தோட்டமும் தப்பவில்லை. உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் சுருட்டு மார்க்கு வந்த விவசாயி அவர், 2010-இல் காலமானார், இப்போது பேரன் நடத்துகிறார். அன்றிரவு தீவு முழுக்க மின்சாரமும் போனது. கொட்டிலைத் திரும்பக் கட்டப் பலகை இல்லை, ஆணி இல்லை, தகரம் இல்லை.

அதோடு ஆட்கள். 2021-க்குப் பிறகு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கியூபாவை விட்டுப் போய்விட்டார்கள். இலை நட ஒரு கை, ஒடிக்க ஒரு கை, சுற்ற ஒரு கை என்று கைகளை நம்பிய தொழிலில் கைகள் போனால் என்ன ஆகும்? நல்ல சுற்றுக்காரராக ஆண்டுகள் பிடிக்கும். போனவரின் இடத்தில் நாளைக்கே இன்னொருவரை உட்காரவைக்க முடியாது.

ஆக, விலையை ஏற்றியது ஒரு முடிவு. அந்த விலையிலும் கடைத்தட்டு காலியாகக் கிடப்பதற்குப் புயலும் ஆள் பஞ்சமும் காரணம். 2024-இல் நான் ஏறி இறங்கிய கடைகளில் கேட்ட அளவு கொஹிபா எங்குமே இருக்கவில்லை.

சுருட்டு மூன்று மடங்கு விலை போனால் தோட்டக்காரருக்கும் மூன்று மடங்கு கிடைக்குமா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அங்கேயும் செல்லும். கியூபாவில் புகையிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது, ஆனால் விளைச்சலை வாங்குவது அரசு மட்டும். பத்தில் ஒன்பது பங்கு அரசுக்கு, அரசு சொல்லும் விலைக்கு. மீதி ஒரு பங்கை வீட்டுப் பாவனைக்கு வைத்துக்கொள்ளலாம். ஹொங்கொங் விலை சுருட்டுக்குத்தான். இலைக்கு அந்த விலை கிடையாது.

கியூபா நாணயமான பெசோவின் வீழ்ச்சி இன்னொரு அடி. 2021 ஜனவரியில் இரட்டை நாணய முறையை ஒழித்தபோது அரசு ஒரு அமெரிக்க டொலருக்கு 24 பெசோ என்று நிர்ணயித்தது. 2025-இல் தெருவில் அது 400-ஐத் தாண்டிவிட்டது. கையில் வரும் பெசோ கூடினாலும் உரமும் டீசலும் அதைவிட வேகமாக ஓடுகின்றன. இந்த இடத்தில்தான் சுற்றுலாப் பயணி முக்கியமாகிறார். வீட்டுப் பாவனைக்கு என்று விட்ட அந்தப் பத்தில் ஒரு பங்கு யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்று நினைக்கிறீர்கள்?

அப்படியானால் தோட்டத்தில் நேரடியாக வாங்கலாமா?

வாங்கலாம், எல்லோரும் வாங்குகிறார்கள். ஹவானாவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 180 கிலோமீற்றரில் வின்யாலெஸ் பள்ளத்தாக்கு. செம்மண் தரையில் திடீரென்று எழும் உருண்டைக் குன்றுகள், இடையிடையே புகையிலை, ஓலை வேய்ந்த கூரான கொட்டில்கள். 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. குதிரையிலோ கால்நடையாகவோ தோட்டத்துக்குள் போவீர்கள். தோட்டக்காரர் உங்கள் கண்முன்னே இலையின் நடு நரம்பை உருவி எறிந்து, "நிகோட்டின் எல்லாம் இதில்தான்" என்று ஒரு வசனம் சொல்லுவார் (எல்லாத் தோட்டத்திலும் அதே வசனம், நம்பத்தான் வேண்டும் என்றில்லை). சுற்றி முடித்து, வாய்வைக்கும் பக்கத்தைத் தேனில் தோய்த்துத் தருவார். பிறகு வாழை மட்டையிலோ பழைய கடதாசியிலோ கட்டிய ஒரு கற்றையை மேசையில் வைப்பார். ஒன்று சில டொலர்தான்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெயர்போன பெட்டிகளுக்குள் போகும் முதல்தர இலை விளைவது வின்யாலெஸில் அல்ல. அது இன்னும் தென்மேற்கே, சான் லூயிஸ், சான் ஹுவான் ஒய் மார்த்தினெஸ் ஊர்களைச் சுற்றி. தோட்டச் சுருட்டில் மார்க்குப் பெயர் போட்ட கடதாசிப் பட்டி இருக்காது, இலை நீண்ட நாள் புளித்து முதிர்ந்திருக்காது, சில முரடாக இருக்கும். "இதுதான் கொஹிபா, பட்டி மட்டும் இல்லை" என்று சொன்னால் சிரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அந்த விலைக்கு அது நல்ல சுருட்டு, அதற்கு மேல் புகழ் தேவையில்லை. கொடுக்கிற காசு வளர்த்தவர் கையில் நேராக விழுகிறது என்பதால் நான் பேரம் பேசுவதில்லை.

தெருவில் பாதி விலைக்குக் கொஹிபா தருகிறார்களே. உண்மைச் சரக்கா?

இல்லை. இதற்கு ஒற்றைச் சொல் பதில் போதும், ஆனாலும் என் கதையைச் சொல்கிறேன்.

2017-இல் ஹவானாவில் கபிடோலியோ மண்டபத்துக்குப் பின்புறம் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மிக மரியாதையாக வந்து, இன்றைக்குக் கூட்டுறவு நாள், தொழிற்சாலைப் பணியாளர்கள் தங்களுக்குக் கிடைக்கும் சுருட்டை இன்று மட்டும் மலிவாக விற்க அரசு அனுமதித்திருக்கிறது என்றார். தன் மாமி தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை செய்கிறாராம். நான் சுருட்டுக் குடும்பத்துப் பிள்ளை, என்னை யார் ஏமாற்றுவது என்ற எண்ணத்தோடு பின்னால் போனேன். மாடியில் ஒரு வீடு, குளிர்ந்த பானம், மாமி, அழகான பெட்டி, முத்திரை, எல்லாம் சரி. இரவில் விடுதிக்கு வந்து ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். மேலே ஒரு நல்ல இலை. உள்ளே தொழிற்சாலைத் தரையில் கூட்டியதைப் போன்ற தூள். அடுத்த நாள் இன்னொரு தெருவில் இன்னொருவர் வந்து "இன்றைக்குக் கூட்டுறவு நாள்" என்றார்.

கூட்டுறவு நாள் என்று ஒன்று கிடையாது. கண்ணாடி மூடி போட்ட கொஹிபாப் பெட்டி என்றும் ஒன்று கிடையாது, அப்படிப் பெட்டியை அவர்கள் செய்ததே இல்லை. விலை ஏறிய பிறகு இந்த வியாபாரம் இன்னும் சூடுபிடித்திருக்கிறது. கடையில் உண்மை விலையைப் பார்த்து மயங்கி வெளியே வருபவரைவிட நல்ல வாடிக்கையாளர் தெருக்காரருக்கு எங்கே கிடைப்பார்? "லா காசா டெல் ஹபானோ" என்ற பெயர்ப்பலகை உள்ள கடைகளிலும் அரசு ஹொட்டேல் கடைகளிலும் மட்டும் பெட்டியாக வாங்குங்கள். அமெரிக்க வங்கி அட்டை அங்கே வேலை செய்யாது.

விலையேற்றத்தால் சுருட்டுச் சுற்றுலா படுத்துவிட்டது என்கிறார்களே?

கியூபாச் சுற்றுலாவே படுத்துத்தான் கிடக்கிறது. சுருட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 2018-இல் ஏறக்குறைய 47 இலட்சம் பேர் வந்தார்கள். 2023-இல் 24 இலட்சம், 2024-இல் 22 இலட்சம். கொரோனாவுக்குப் பிறகு பக்கத்துத் தீவுகள் எழுந்து நடந்தபோது கியூபா எழவில்லை. 2019-இல் அமெரிக்கப் பயணக் கப்பல்கள் நின்றன. 2024 ஒக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் விழுந்தது. பிறகும் பல தடவை விழுந்தது. இருட்டில் உட்கார்ந்து சுருட்டுப் புகைப்பது ஒரு நாள் கவிதை. மூன்றாம் நாள் குளிக்கத் தண்ணீர் ஏறாதபோது அது கவிதை அல்ல.

இலண்டன், பாரிஸ் பக்கத்து நம்மவர்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. அமெரிக்கா 2021 ஜனவரி 12-இல் கியூபாவைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலில் போட்டது. அந்தத் திகதிக்குப் பிறகு கியூபா போய்வந்த பிரித்தானிய, ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர் விசா இல்லாமல் இணையவழி அனுமதியோடு அமெரிக்கா போகும் வசதியை இழக்கிறார். தூதரகத்தில் வரிசையில் நின்று விசா எடுக்க வேண்டும். நியூ ஜேர்சியில் தங்கை குடும்பம் இருக்கும்போது ஒரு பெட்டி சுருட்டுக்காக யார் இந்தத் தொல்லையை வாங்குவார்? கனடாக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கியூபாவுக்கு அதிகம் போவது கனடாக்காரர் என்பதற்கு மலிவான சீட்டும் பனியும் மட்டுமல்ல, இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், விலையேற்றம் செய்த வேலை இதுதான்: சுருட்டுக்காகப் போனவர்களில் ஒரு வகையினரை அது துடைத்துவிட்டது. கடைக்காக மட்டும் போனவர்கள் அவர்கள். ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை வந்து, நாலு பெட்டி வாங்கி, அந்த இலாபத்தில் விடுதியும் சாப்பாடும் சரிக்கட்டிப் போவார்கள். பெரிய பணக்காரர் அல்லர். பஸ் ஓட்டுபவர், பள்ளி ஆசிரியர். வீட்டு விடுதியில் தங்கி, தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, பழைய காரில் ஏறிப் பணத்தை ஊருக்குள் உதிர்த்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான். கொஹிபாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சீனப் பணக்காரர் தன் ஊரிலேயே வாங்குகிறார். அவர் ஹவானாவில் வந்து இறங்குவதில்லை. நிறுவனத்தின் வருமானம் கூடிய அதே ஆண்டுகளில் ஹவானா வீட்டு விடுதியின் கட்டில் காலியாகக் கிடப்பது முரண் என்று எனக்குப் படவில்லை. விலையை எல்லா ஊரிலும் ஒன்றாக்கினால் விளையும் ஊருக்கு வர ஒரு காரணம் குறையத்தானே செய்யும்?

பெப்ரவரியில் நடக்கும் சுருட்டு விழா எப்படி?

அது வேறு உலகம். கொரோனாவால் நின்று 2023-இல் திரும்பத் தொடங்கியது. ஒரு கிழமை விருந்து, தோட்டப் பயணம், புதுச் சுருட்டு அறிமுகம், கடைசி இரவில் சுருட்டுப் பேழைகளின் ஏலம். ஏலப் பணம் கியூபாவின் சுகாதாரத் துறைக்கு என்கிறார்கள். 2020-இல் முழு ஏலமும் ஏறக்குறைய 43 இலட்சம் யூரோ. 2024-இல் ஒரு கொஹிபாப் பேழை மட்டும் 44 இலட்சம் யூரோவுக்குப் போனது, மொத்தம் 1 கோடி 78 இலட்சம். நான் போனதில்லை. போகும் யோசனையும் இல்லை.

அமெரிக்காவில் இருப்பவர் கொண்டுபோகலாமா?

கூடாது. 1962 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவுடனான வணிகத் தடையில் கையெழுத்திடும் முன் தன் ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 உப்மான் சுருட்டு வாங்கி வைத்துக்கொண்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் சொன்னார். ஒபாமா காலத்தில், 2016 ஒக்டோபரில், சொந்தப் பாவனைக்கு என்றால் அளவு கட்டுப்பாடில்லை என்றார்கள். 2020 செப்டம்பரில் டிரம்ப் அரசு அந்தக் கதவைச் சாத்தியது. கனடாக்காரரும் அமெரிக்க விமான நிலையம் வழியாகத் திரும்பும் சீட்டு எடுக்காமல் இருப்பது நல்லது.

எத்தனை சுருட்டு கொண்டுவரலாம்?

கியூபாவை விட்டு வெளியேறும்போது உதிரியாக 20 வரை யாரும் கேட்கமாட்டார்கள். முத்திரையோடு மூடிய பெட்டிகளில் 50 வரை. அதற்கு மேல் அரசுக் கடையின் உண்மையான பற்றுச்சீட்டு வேண்டும். உள்ளே வரும்போது கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியம் 50 சுருட்டுக்கு வரி கேட்பதில்லை. இந்தியாவில் 25 தான்.

காசு குறைவு. கியூபாச் சுருட்டுத்தான் வேண்டும். எதை வாங்க?

ஹோசே எல். பியெத்ரா, கின்டேரோ. துண்டு இலையால் செய்தவை, முரட்டுச் சுவை, காலையில் கோப்பியோடு நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் கூட வைக்கலாம் என்றால் பார்த்தகாஸ், எச். உப்மான் ஆகியவற்றின் சின்ன அளவுகள். ஹவானாவின் நல்ல கடைகளில் கடைச் சுற்றுக்காரர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் அங்கேயே சுற்றும் பட்டியில்லாச் சுருட்டைக் கேட்டு வாங்குங்கள். விசயம் தெரிந்தவர்கள் ஹவானாவுக்குப் போவது இப்போது முக்கியமாக அதற்குத்தான். அது வேறு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது, ஹொங்கொங் விலைப் பட்டியலிலும் இல்லை.

தொழிற்சாலை பார்க்க விடுவார்களா?

திறந்திருக்கும் நாளும் தொழிற்சாலையும் மாறிக்கொண்டே இருக்கும். ஹொட்டேல் பயண மேசையில் முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும், வாசலில் விற்பதில்லை. முடிந்தால் தவறவிடாதீர்கள், முக்கியமாக வாசிப்பாளருக்காக. சுற்றுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, உயரமான மேடையில் ஒருவர் காலையில் பத்திரிகையும் பிறகு நாவலும் உரக்க வாசிப்பார். 1865-இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் தொடங்கிய வழக்கம். ஆரம்பத்தில் அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள்தான் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்தார்கள். 2012-இல் கியூபா அதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

எனக்கு அங்கே நின்றபோது தொண்டை அடைத்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். என் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் உலக யுத்தச் செய்தி முழுக்க அவருக்கு அத்துப்படி. எல்லாம் கொட்டிலில் கேட்டது. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு உள்ள செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஹவானாவில் அதை யாரிடமாவது சொல்லிப்பாருங்கள், நம்பமாட்டார்கள்.

கியூபாவுக்குப் பதில் நிக்கராகுவாவோ டொமினிக்கனோ போகலாமா?

சுருட்டு மட்டும்தான் நோக்கம் என்றால், ஆம். 1959 புரட்சிக்குப் பிறகு வெளியேறிய கியூபாச் சுருட்டுக் குடும்பங்கள் பல அந்த நாடுகளில்தான் வேர்விட்டன. நிக்கராகுவாவின் எஸ்டேலி நகரத்தில் தெருவுக்குத் தெரு தொழிற்சாலை. டொமினிக்கன் குடியரசின் சந்தியாகோ, தம்போரில் பக்கமும் அப்படியே. அமெரிக்கச் சந்தை முழுக்க அவர்களுக்குத் திறந்திருக்கிறது. இலை தட்டுப்பாடில்லை, தொழிற்சாலைக்காரரே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார், விலையும் நியாயம். கியூபா விலை ஏறிய பிறகு என் சுருட்டு நண்பர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சுவையிலும் குறையில்லை என்றே சொல்கிறார்கள். வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள எனக்குத்தான் மனம் வரவில்லை.

பொறுத்திருந்தால் விலை இறங்குமா?

நான் பொறுத்திருக்கவில்லை. ஏற்றியவர்களுக்கு வருமானம் கூடியிருக்கிறது, தட்டில் சரக்கு மிஞ்சிக் கிடக்கவில்லை. இறக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. மனைவிக்குப் புகை மணமே ஆகாது. போனால் பார்க்க ஏதாவது உண்டா?

புகைக்காதவர்தான் கொடுத்துவைத்தவர். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரும் என்பது தெரிந்த விசயம், அதை மூடி மறைத்து எழுத நான் தயாரில்லை. உங்களுக்குக் கடை விலையும் பிரச்சினையில்லை. நேராக வின்யாலெஸுக்குப் போங்கள். வீட்டு விடுதியில் இரண்டு இரவு தங்குங்கள். காலை மூடுபனி விலக முன் தோட்டத்துக்குள் நடந்து போங்கள். உலரும் கொட்டிலுக்குள் நின்றால் வருவது புகை மணம் அல்ல. வைக்கோலும் தேனும் கலந்ததுபோல ஒரு மணம், மனைவிக்கும் பிடிக்கும். போகும்போது காய்ச்சல் குளிசை, நல்ல கத்தரிக்கோல், சவர்க்காரம் கொண்டுபோய் தோட்டக்கார வீட்டில் கொடுங்கள். காசைவிட அதற்கு மதிப்பு.

மாதம் முக்கியம். நாற்று நடுவது ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இலை ஒடிப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பெப்ரவரி முதல் பாதியில் போனால் செடியும் நிற்கும், கொட்டிலும் நிறைந்திருக்கும். ஓகஸ்டில் போய்விட்டு "வெறும் மண்தான் கிடந்தது" என்று எனக்கு எழுத வேண்டாம்.